றொச்டேல் முன்னோடிகள்: ஒரு சிறு கடையின் வளர்ச்சி பற்றிய வரலாற்று நோக்கு

வணிகத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெருமுதலாளிகளையும் பெருநிறுவனங்களையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். சந்தையின் திடீர் ஏற்றத்தைப் பயன்படுத்திப் பொருளீட்டியவர்களின் கதை கேட்போரைக் கவரும் இயல்புடையது. ஆயின், சிறிய முதலுடன் தொடங்கி, எவ்விதத் தந்திரத்தையும் நாடாது, நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்து வளர்ந்த முயற்சிகளும் வரலாற்றில் உண்டு. அவை தம் காலத்தில் எவருடைய கண்ணிலும் படாது வளர்ந்தமையால், அவற்றின் வளர்ச்சிக்கான காரணங்களும் போதிய அளவு ஆராயப்படவில்லை. இங்கிலாந்தின் லங்காசயர் மாகாணத்தில், றொச்டேல் நகரிலே, 1844ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆம் திகதி மாலை திறக்கப்பட்ட ஒரு கடை இவ்வகை முயற்சிகளுட் தலையாயது. உலகக் கூட்டுறவு இயக்கம் அக்கடையையே தன் தோற்றுவாயாகப் போற்றுகின்றது. அதன் கொள்கைகள் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்கொள்கைகள் எத்தகைய அன்றாடப் பழக்கங்களாக உருப்பெற்றன, அப்பழக்கங்கள் ஒரு சிறு கடையை எவ்வாறு வளர்த்தன, அவை யாருக்குப் பயன்பட்டு யாரைப் புறத்தே விட்டன என்பனவே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

முந்திய தோல்வி

றொச்டேல் நெடுங்காலமாகக் கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். கைத்தொழிற் புரட்சியின் விளைவாக விசைத்தறிகள் பெருகியபோது கைத்தறியாளரின் வருவாய் வீழ்ந்தது. 1840கள் ஆங்கிலத் தொழிலாளருக்குப் பெருந்துன்பம் விளைத்த ஆண்டுகளாதலின், அவை 'பட்டினி நாற்பதுகள்' எனவே பின்னர் பெயர்பெற்றன. 1843ஆம் ஆண்டின் இறுதியில் இந்நகரின் நெசவாளர் கூலி உயர்வு கோரி நடத்திய முயற்சி வெற்றி பெறவில்லை. வாக்குரிமை கோரிய பட்டய இயக்கத்தினரும், றொபேட் ஓவனின் கருத்துகளைத் தழுவிய சமவுடைமையாளரும், மதுவிலக்கு இயக்கத்தினரும் இந்நகரில் இருந்தனர். துயரைப் போக்கும் வழி யாதென்பதில் அவர்களிடையே ஒற்றுமை நிலவவில்லை.

அக்காலத் தொழிலாளியின் வாழ்வில் கடைக்காரருக்கு இருந்த இடத்தை இங்கு விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கூலிக்குப் பதிலாகப் பண்டங்களைக் கொடுக்கும் முறையை 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்த போதும், தொழிலாளர் கடனிலிருந்து விடுபட்டனரல்லர். கூலி கிடைக்கும் நாளுக்கு முன்னரே அரிசியும் பருப்பும் போல அவர்களுக்கு மாவும் வெண்ணெயும் தேவைப்பட்டன. கடைக்காரர் கொப்பியிற் பதிந்து கடனாகக் கொடுத்தார். கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக இயலாது. விலையையோ நிறையையோ தரத்தையோ பற்றிக் கேள்வி எழுப்பவும் இயலாது. மாவிலே படிகாரம் சேர்ப்பதும், ஒருமுறை பயன்படுத்திய தேயிலையை உலர்த்தி மீண்டும் விற்பதும் சாதாரணமாக நிகழ்ந்தன. மருத்துவர் ஆதர் ஹஸ்ஸல் 1851 முதல் 1854 வரை 'லான்செற்' இதழில் வெளியிட்ட ஆய்வுகள் இக்கலப்படத்தின் பரப்பை வெளிப்படுத்தின. அதற்கெதிரான முதற் பொதுச்சட்டம் 1860ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இந்நிலையிலிருந்து மீளத் தாமே ஒரு கடை வைப்பது என்ற எண்ணம் 1844இல் புதியதன்று. றொச்டேலிலேயே, அதே டோட் ஒழுங்கையில், 1833ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்திருந்தனர். இரண்டு ஆண்டுகளில் அது மூடப்பட்டது. உறுப்பினருக்குக் கடன் கொடுத்தமையும், கொடுத்த கடன் திரும்பாமையும் அதன் அழிவுக்கு முதற் காரணங்களாயின. தோழமை காரணமாகக் கொடுத்த கடனே தோழமையையும் கடையையும் ஒருங்கே அழித்தது. அம்முயற்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான சார்ள்ஸ் ஹோவார்த் 1844ஆம் ஆண்டுக் கடையின் அமைப்பாளருள்ளும் ஒருவராக விளங்கினார். எனவே, பின்வந்த கடையின் விதிகள் வெறுங் கற்பனையிற் பிறந்தவையல்ல. ஒரு தோல்வியிலிருந்து கற்ற பாடத்தின் விளைவாகும்.

இருபத்தெட்டுப் பவுண்

முன்னோடிகள் எனப்படுவோர் 28 பேர் என்பது மரபு. அவர்கள் எல்லாரும் பட்டினியால் வாடிய நெசவாளர் என்று கூறுவதும் மரபே. ஆயின், அவர்களுட் பலர் ஓரளவு தொடர்ந்த வருவாயுடைய கைவினைஞரும் பிறதொழில் புரிவோருமாவர் எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். வாரந்தோறும் ஆளுக்கு இரண்டு பென்ஸ் வீதம் செலுத்துவதென முடிவாயிற்று. பின்னர் அது மூன்று பென்சாக உயர்ந்தது. நகரை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று பணத்தைத் திரட்டினர். இவ்வாறு 28 பவுண் சேர்ந்தது. 1844 ஒக்ரோபர் 24ஆம் திகதி 'றொச்டேல் நீதிநெறி முன்னோடிகள் சங்கம்' பதிவுசெய்யப்பட்டது.

சங்கத்தின் நோக்கங்கள் மிகப் பெரியன. கடை வைத்தல், உறுப்பினருக்கு வீடு கட்டுதல், வேலையற்றோருக்காகத் தொழிற்சாலை நிறுவுதல், நிலம் வாங்கிப் பயிரிடுதல், இறுதியில் தன்னிறைவுடைய ஒரு குடியிருப்பை அமைத்தல் என அவை விரிந்து சென்றன. இத்தனை கனவுகளோடு தொடங்கியவர்கள் முதலிற் செய்த வேலையோ மிகச் சிறியது. ஆண்டுக்கு 10 பவுண் வாடகையில், டோட் ஒழுங்கை 31ஆம் இலக்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். தளபாடச் செலவு போக எஞ்சிய சுமார் 16 பவுணுக்கு வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியவற்றை வாங்கி வைத்தனர். தொடக்கத்தில் திங்கள், சனி ஆகிய இரு நாள்களில் மாலை வேளையில் மட்டுமே கடை திறந்திருந்தது. வில்லியம் கூப்பர் காசாளராகவும் சாமுவேல் அஷ்வேர்த் விற்பனையாளராகவும் பணியாற்றினர். முதல் நாள் மாலை யன்னற் கதவுகள் திறக்கப்பட்டபோது தெருச்சிறுவர் கூடி நின்று எள்ளி நகைத்தனர் என இயக்கத்தின் வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் ஜேக்கப் ஹோலியோக் எழுதியுள்ளார். நோக்கத்தின் பெருமைக்கும் தொடக்கத்தின் சிறுமைக்கும் இடையே இருந்த இவ்விடைவெளியை அவர்கள் நாணத்தக்கதாகக் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நான்கு பழக்கங்கள்

இக்கடையின் நடைமுறையை நுணுகி நோக்குமிடத்து நான்கு பழக்கங்கள் புலனாகும்.

முதலாவது, கைக்காசுக்கே விற்றல், கைக்காசுக்கே வாங்குதல். உறுப்பினராயினும் கடன் கிடையாது. இதனால் மூன்று நன்மைகள் விளைந்தன. வராக்கடன் என்னும் இழப்பு இல்லாதொழிந்தது. விற்ற பணம் அன்றே கைக்கு வந்தமையாற் சிறிய முதல் ஆண்டிற் பலமுறை சுழன்றது. மொத்த வியாபாரியிடமிருந்தும் கடனின்றி வாங்க முடிந்தமையால் அவருடைய விலைக்கும் தரத்துக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. கடையின் கண்டிப்பு உறுப்பினரின் வீட்டு வரவு செலவிலும் ஓர் ஒழுங்கைக் கொணர்ந்தது.

இரண்டாவது, கலப்பற்ற பண்டமும் நிறைவான அளவும். இது கேட்பதற்கு எளிது, நடைமுறையிலோ அவ்வாறன்று. படிகாரம் சேர்ந்த வெள்ளை மாவுக்குப் பழகிய கண்களுக்குத் தூய மாவின் மங்கிய நிறம் பிடிக்கவில்லை. 1850ஆம் ஆண்டில் மாவாலைச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டபோது இச்சிக்கல் பெரிதாயிற்று. ஆலையின் மா குறித்து உறுப்பினரிடையே முணுமுணுப்பு எழுந்தது. ஆலை முதலில் நட்டத்தில் இயங்கியது. பணத்தை மீளப்பெற விரும்பியோரும் இருந்தனர். சந்தை விரும்பும் வெண்மையைச் சேர்த்தலே உடனடிப் பரிகாரமாகத் தோன்றியிருக்கும். முன்னோடிகள் அதனைச் செய்யாது, ஆலையின் நிருவாகத்தைத் திருத்தி, தரத்தைக் காத்துப் பொறுத்திருந்தனர். சில ஆண்டுகளில் ஆலை இலாபம் ஈட்டியது.

மூன்றாவது, கணக்கும் கூட்டமும். நிருவாகக் குழு வாரந்தோறும் கூடியது. காலாண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூடி வரவு செலவை ஆராய்ந்தது. முதல் எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. பெண்களும் உறுப்பினராகலாம். மணமான பெண்ணின் சொத்துரிமையை ஆங்கிலச் சட்டம் 1870, 1882 ஆகிய ஆண்டுகளிலேயே படிப்படியாக ஏற்றது என்பதை நோக்க, இவ்விதியின் முக்கியத்துவம் விளங்கும். கணக்குப் புத்தகம் எல்லார் முன்னிலையிலும் திறக்கப்பட்டமையாற் பிழைகள் வளர்ந்து முற்றுவதற்கு முன்னரே வெளிப்பட்டன.

நான்காவது, மிச்சத்தைப் பகிரும் முறை. பங்கு முதலுக்கு வரையறுத்த வட்டி மட்டுமே. அது பின்னர் நூற்றுக்கு 5 வீதமாக அமைந்தது. எஞ்சிய மிச்சம் ஒவ்வோர் உறுப்பினரும் கடையில் வாங்கிய பொருளின் பெறுமதிக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. இக்கருத்து வேறிடங்களிலும் முன்னர் வழங்கியதாயினும் றொச்டேலிலேயே வேரூன்றியது. கடைவிலை சந்தைவிலையாகவே இருந்தது. பிறரை வீழ்த்தும் நோக்குடன் விலையைக் குறைக்கும் முறை கைக்கொள்ளப்படவில்லை. வாங்கும்போது உறுப்பினர் எதனையும் இழக்கவில்லை. காலாண்டின் முடிவில் ஒரு தொகை அவர் பெயரில் நின்றது. அதனைக் கையிற் பெறாது கடையிலேயே விட்டு வைத்தவருக்கு அது பங்கு முதலாயிற்று. உண்டு உடுப்பதாலேயே சேமிக்கும் வழி ஒன்று ஏழைக்கு முதன்முறையாகக் கிடைத்தது எனலாம்.

இந்நான்கும் தனித்தனியே அரியனவல்ல. ஒன்றையொன்று தாங்கி நின்றமையிலேயே அவற்றின் வலிமை இருந்தது. கடன் கொடுத்திருந்தாற் கணக்கு மங்கியிருக்கும். கணக்கு மங்கியிருந்தால் மிச்சம் எவ்வளவென அறிய இயலாது. மிச்சத்தைப் பகிராதிருந்தால் உறுப்பினர் கைக்காசுடன் இக்கடையை நாடி வந்திருக்கமாட்டார்.

வளர்ச்சியின் இயல்பு

ஹோலியோக் தொகுத்தளித்துள்ள புள்ளிவிபரங்கள் இவ்வளர்ச்சியின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1845ஆம் ஆண்டின் முடிவில் உறுப்பினர் 74 பேர். அவ்வாண்டின் விற்பனை 710 பவுண். 1846இல் உறுப்பினர் 80, 1847இல் 110, 1848இலும் 150ஐ எட்டவில்லை. தொடக்கத்தின் ஆர்வம் தணிந்து, வெற்றியின் அறிகுறி தென்படாத இவ்வாண்டுகளே சங்கத்தின் உண்மையான சோதனைக் காலமாகும். இக்காலத்திற் சங்கம் விளம்பரத்தையோ விலைக்குறைப்பையோ நாடவில்லை. 1845இல் தேயிலையும் புகையிலையும், அடுத்த ஆண்டு இறைச்சியும், அதற்கடுத்த ஆண்டு புடவையும் எனக் கைமுதலுக்கு ஏற்ப ஒவ்வொன்றாகப் பண்டங்களைச் சேர்த்தது.

1849இல் உறுப்பினர் தொகை 390 ஆகவும், 1850இல் 600 ஆகவும் உயர்ந்தது. 1849ஆம் ஆண்டு நவம்பரில் றொச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தமை இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாகும். வங்கியின் அலுவலர் ஒருவர் நெடுங்காலமாகச் செய்த மோசடியால் 70,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை குறைந்திருந்தமை அவர் இறந்தபின் வெளியாயிற்று. மதிப்புக்குரியோரின் பெயரால் நடந்த வங்கி வீழ்ந்தபோது, எள்ளி நகைக்கப்பட்ட சிறு கடையின் கணக்கு மூன்று மாதத்திற்கொருமுறை எல்லார் கண்ணெதிரிலும் சரிபார்க்கப்பட்டு வந்தது. மக்கள் தம் சேமிப்பை எங்கு வைப்பது என்பதில் ஐயங்கொள்ள இடமிருக்கவில்லை. இதனை நற்பேறு எனக் கூறுவோர் உண்டு. ஆனால், ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கணக்கு வைத்திராத கடைக்கு அந்நற்பேறு வாய்த்திராது.

1860ஆம் ஆண்டில் உறுப்பினர் 3,450 பேர். முதல் 37,710 பவுண். விற்பனை 152,063 பவுண். மிச்சம் 15,906 பவுண். பதினைந்து ஆண்டுகளில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 46 மடங்காகப் பெருக, விற்பனையோ 200 மடங்குக்கு மேற் பெருகியது. உறுப்பினர் ஒருவர் ஆண்டொன்றுக்குக் கடையில் வாங்கிய பொருளின் பெறுமதி 1845இல் 10 பவுணுக்கும் குறைவு; 1850இல் ஏறத்தாழ 22 பவுண்; 1860இல் 44 பவுண். இக்கணிப்பு முக்கியமானது. புதியவர்களைக் கவர்ந்திழுத்தமையால் மட்டுமன்றி, வந்தவர்கள் தம் தேவைகளுட் பெரும்பகுதியை இக்கடையிலேயே நிறைவுசெய்யத் தொடங்கியமையாலும் கடை வளர்ந்தது. நம்பிக்கை என்பது அளவிடற்கரிய ஒன்றாயினும், அது வளர்ந்த வேகத்தை இவ்வெண்களில் ஓரளவு காணலாம்.

1853ஆம் ஆண்டு முதல் மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கப்பட்டது. நூலகமும் வாசிகசாலையும் கடையின் பகுதிகளாயின. 1852ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்குத் தனியான சட்டப் பாதுகாப்பை அளித்தது. 1863ஆம் ஆண்டில் வட இங்கிலாந்துச் சங்கங்கள் இணைந்து மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றை நிறுவின. 'கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம்' எனப் பின்னர் பெயர்பெற்ற அது, மான்செஸ்ரரைத் தலைமையிடமாகக் கொண்டு பிரித்தானியாவின் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

எல்லைகள்

இவ்வளவும் கூறியபின், இப்பழக்கங்களின் எல்லைகளையும் கூறாது விடுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. கைக்காசு என்னும் விதி, கையிற் காசில்லாதவனைப் புறத்தே நிறுத்தியது. ஒழுங்கான கூலியுடைய தொழிலாளி உறுப்பினனாகலாம். வேலை நிலையற்ற பரம ஏழை பழைய கடைக்காரரின் கொப்பியையே நம்பவேண்டியிருந்தது. ஒழுங்கு என்பதும் ஓரளவு வசதியின் விளைவே என்பதை இது காட்டுகின்றது.

இரண்டாவது எல்லை உற்பத்தியில் வெளிப்பட்டது. முன்னோடிகள் 1854இல் ஒரு நெசவாலைச் சங்கத்தைத் தொடங்கி, இலாபத்தில் ஒரு பங்கு ஆலைத் தொழிலாளருக்கும் உரியது என வகுத்தனர். ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு, கொள்கையில் ஈடுபாடற்ற புதிய பங்காளர் பலர் சேர்ந்தனர். 1862ஆம் ஆண்டில் அவர்கள் தம் வாக்குப் பலத்தால் தொழிலாளரின் பங்கை ஒழித்தனர். கடையிலே பொருள் வாங்குவோன் உரிமையாளன். ஆலையிலே பொருள் செய்வோன் வெறுங் கூலியாள் என்னும் நிலை இதனால் உறுதியாயிற்று.

இவ்வெல்லை கடல் கடந்தும் நீண்டது. ஆங்கில, ஸ்கொத்திய மொத்த விற்பனைச் சங்கங்கள் தம் உறுப்பினரின் தேயிலைத் தேவையைக் கருதி 1902ஆம் ஆண்டில் இலங்கையிலே நுகவெல, வெலிகங்க ஆகிய தோட்டங்களை வாங்கின. இடைத்தரகரை விலக்கித் தூய பொருளைப் பெறுதல் என்ற டோட் ஒழுங்கைப் பழக்கத்தின் இயல்பான விரிவே இது. ஆயின், அக்கால இலங்கைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கு வழங்கப்பட்ட அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. வந்த வழிச்செலவே கடனாகி, கங்காணியின் கணக்கிலே நின்றது. கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டோடு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லங்காசயர்த் தொழிலாளி எந்தக் கடன் கொப்பியிலிருந்து விடுபட்டானோ, அதனையொத்த ஒரு கொப்பி மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளியின் பெயரில் நீண்டகாலம் திறந்தே இருந்தது. தேநீர் அருந்தியவனுக்கு மிச்சத்திற் பங்கு கிடைத்தது. கொழுந்து பறித்தவளுக்குப் பங்கு வகுத்த விதி எதுவும் இருக்கவில்லை. றொச்டேலின் புகழைப் பேசுமிடத்து இவ்வுண்மையையும் உடன்பேசுதல் தமிழ் மாணவரின் கடனாகும்.

இலங்கையின் படிப்பினை

இலங்கையிற் கூட்டுறவு இயக்கம் 1911ஆம் ஆண்டின் கடனுதவுச் சங்கக் கட்டளைச் சட்டத்தோடு உருப்பெற்றது. அது மேலிருந்து வந்ததாயினும், பல இடங்களில் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். யாழ்ப்பாணத்திற் புகையிலைச் செய்கையாளர் 1930களில் விற்பனைச் சங்கம் அமைத்து மலையாளச் சந்தையை நாடியமையும், மூளாயிற் கூட்டுறவு மருத்துவமனை எழுந்தமையும் இதற்குச் சான்றாவன. இவை சிறு சந்தாக்களாலும் நேரிய கணக்குகளாலும் வளர்ந்தவை.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1942இற்குப் பின், போரினால் பர்மிய அரிசி தடைப்பட்டு, பங்கீட்டு முறை விரிவடைந்தபோது, கூட்டுறவுப் பண்டகசாலைகள் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கிற் பெருகின. பங்கீட்டு அட்டையே வாடிக்கையாளரைக் கொணர்ந்தது. கடை அவரைத் தன் நேர்மையால் வென்றெடுக்க வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்து கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது பல பண்டகசாலைகள் நலிந்தன. 1957இற்குப் பின் பலநோக்குச் சங்கங்களும், 1971ஆம் ஆண்டளவில் அச்சங்கங்களை இணைத்து அமைத்த சில நூறு பெருஞ்சங்கங்களும் தோன்றின. இணைப்பினாற் கடைகள் பெரிதாயின. ஆயினும் உறுப்பினர் தம் கடையின் கணக்கைத் தாமே கேட்டறியும் பழக்கம் அதனால் வளர்ந்ததெனக் கூறுதல் அரிது.

றொச்டேலில் 74 பேர் 80 பேராக ஓராண்டு சென்றது. அவ்வாண்டில் வாரக் கூட்டங்கள் தவறவில்லை, நிறை குறையவில்லை, கடன் கொடுக்கப்படவில்லை. பின்வந்த ஆயிரங்கள் அவ்வாண்டின் பயனாகும். வளர்ச்சியை விரைவுபடுத்த விரும்புவோர் முடிவுகளைப் பின்பற்ற முயல்கின்றனர். முடிவுகளை ஈன்ற பழக்கங்களைப் பின்பற்றுவோர் சிலரே. அதேவேளை, பழக்கம் எத்துணைத் தூயதாயினும், அதன் பயன் யாரைச் சேரவேண்டும் என்ற வினாவுக்கு அது தானே விடையளிப்பதில்லை. 1862ஆம் ஆண்டின் வாக்கெடுப்பும் 1902ஆம் ஆண்டின் தோட்டங்களும் இதற்குச் சான்று. ஒழுங்கு ஒரு கடையை வளர்க்கும். அக்கடை எத்தகைய சமுதாயத்தை வளர்க்கும் என்பதை அதன் பொதுக்கூட்டத்தில் யாருக்கு இடமுண்டு என்பதே தீர்மானிக்கும்.